சுவைஞர் கூடும் திருவிழா

நுழையும்முன்

ஒரு நூலைத் தனித்திருந்து படிப்பது ஓர் இன்பம். அந்நூலையே விரும்பும் பலரோடு கூடியிருந்து பேசுவது மற்றோர் இன்பம். முன்னதற்கு ஒரு விளக்கும் அமைதியும் போதும். பின்னதற்கோ பயணம் வேண்டும், நண்பர்கள் வேண்டும், பிறர் கருத்தைக் கேட்கும் பொறுமையும் வேண்டும். உலகெங்கும் சுவைஞர்கள் ஏன் ஒன்று கூடுகின்றனர், தமிழகத்தில் அத்தகைய கூடல் எவ்வாறு தோன்றியது, அதிலிருந்து இளையோர் பெறுவது யாது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஓராண்டு, இரு நகரங்கள்

1939ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஏறத்தாழ இருநூறு பேர் ஓர் அரங்கில் கூடினர். அறிவியல் புனைகதைகளை விரும்பிப் படிப்பவர்கள் என்பதே அவர்களை இணைத்த உறவு. அவர்களுள் இருவர், வருங்கால மனிதர் அணியக்கூடும் எனத் தாம் கற்பனை செய்த உடையை அணிந்து வந்தனர். உலக அறிவியல் புனைகதை மாநாடு என்று அறியப்படும் தொடரின் முதல் கூட்டம் அதுவே. கதைமாந்தர் போல வேடமணிந்து மாநாடுகளுக்குச் செல்லும் இன்றைய வழக்கத்திற்கும் அது முன்னோடியாயிற்று.

அதே 1939ஆம் ஆண்டு, பங்குனித் திங்களில், காரைக்குடியிலும் ஒரு கூட்டம் நடந்தது. அங்கு வந்தவர்களை ஈர்த்தவர் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த புலவர் ஒருவர். பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட பாடல்களில் இராமகாதையைத் தமிழில் பாடிய கம்பரே அவர். ரசிகமணி எனப் போற்றப்பட்ட டி. கே. சிதம்பரநாதர் தலைமையில் முதல் கம்பன் திருவிழா நடைபெற்றது. நியூயார்க்கில் கூடியோரும் காரைக்குடியில் கூடியோரும் ஒருவரையொருவர் அறியார். எனினும், தாம் விரும்பும் படைப்பைத் தம்மைப் போலவே விரும்பும் பிறரைக் கண்டு மகிழவேண்டும் என்னும் வேட்கை இரு கூட்டத்தார்க்கும் பொதுவாக இருந்தது.

காரைக்குடி தந்த களம்

இத்தகைய விழா காரைக்குடியில் தோன்றியதற்குக் காரணம் உண்டு. வணிகத்தில் சிறந்த அவ்வூர், தமிழ் வளர்ச்சியிலும் நாட்டம் கொண்டிருந்தது. 1917ஆம் ஆண்டு அங்கு இந்து மதாபிமான சங்கம் தோன்றியது. 1919ஆம் ஆண்டு மகாகவி பாரதியார் அச்சங்கத்திற்கு வருகை தந்தார். கையில் தடியுடன் அவர் காட்சி தரும் புகழ்பெற்ற ஒளிப்படம் அப்போது காரைக்குடியில் எடுக்கப்பட்டதே.

இச்சூழலில் வளர்ந்தவர் சா. கணேசன். விடுதலைப் போராட்ட வீரரான இவர், காந்தியடிகளின் வழியில் நின்றவர். மேற்சட்டை அணியாத எளிய கோலத்தர். கம்பர்மீது கொண்ட பற்றினால் 'கம்பன் அடிப்பொடி' எனத் தம்மை அழைத்துக்கொண்டார். காரைக்குடிக் கம்பன் கழகத்தைத் தோற்றுவித்து, ஆண்டுதோறும் தவறாது விழா எடுத்தார். குறித்த நேரத்தில் தொடங்குதல், குறித்த நேரத்தில் முடித்தல் என்னும் ஒழுங்கு அவ்விழாவின் அடையாளமாகப் போற்றப்பட்டது. காரைக்குடியில் உள்ள கம்பன் மணிமண்டபமும், அவ்வளாகத்தில் அமைந்த தமிழ்த்தாய் கோயிலும் அவருடைய கனவின் வடிவங்களாகும்.

தெரிந்து தெளிவோம்

பட்டிமண்டபம் என்பது புதிய சொல்லன்று. சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகிய காப்பியங்களில் அச்சொல் இடம்பெற்றுள்ளது. அறிஞர் கூடி வாதிடும் மண்டபம் என்பது அதன் பொருள். நடுவர் ஒருவர், இரு அணியினர், இறுதியில் தீர்ப்பு என இன்று காணும் பட்டிமண்டப முறை வளர்ந்து பரவியதில் காரைக்குடிக் கம்பன் திருவிழாவிற்குப் பெரும் பங்குண்டு. குன்றக்குடி அடிகளார் நடுவராக அமர்ந்து அதற்குப் பெருமை சேர்த்தார்.

நான்கு நாள் விழா

கம்பர் தம் காப்பியத்தைப் பங்குனி அத்த நாளில் அரங்கேற்றினார் என்பது மரபு. அதனையொட்டியே விழா நாள்கள் வகுக்கப்பட்டன. பங்குனி மகம், பூரம், உத்தரம் ஆகிய மூன்று நாள்கள் காரைக்குடியிலும், அத்த நாளில் நாட்டரசன்கோட்டையிலும் விழா நடைபெறும் வகையில் திட்டம் அமைந்தது. கம்பர் தம் இறுதிக்காலத்தைக் கழித்த ஊர் எனக் கருதப்படும் நாட்டரசன்கோட்டையில் அவருடைய சமாதி உள்ளது. அரங்கில் தொடங்கும் விழா, புலவரின் நினைவிடத்தில் வணக்கத்துடன் நிறைவு பெறுகிறது.

விழாவின் நிகழ்ச்சிகள் பலவகைப்பட்டவை. அறிஞர் ஒருவர் ஒரு பாத்திரத்தையோ ஒரு படலத்தையோ எடுத்துக்கொண்டு பேசுவது தனிச்சொற்பொழிவு. ஒரே பொருள்பற்றிப் பாவலர் பலர் தத்தம் கவிதைகளை வழங்குவது கவியரங்கம். கதைமாந்தர் ஒருவரைக் குற்றம் சாட்டி, மறுத்து, தீர்ப்பு வழங்குவது வழக்காடு மன்றம். இருவேறு கருத்துகளுள் எது வலியது என ஆராய்வது பட்டிமண்டபம். கேட்போரின் பட்டறிவிற்கும் சுவைக்கும் ஏற்ப ஒவ்வொன்றும் ஒரு வாயிலைத் திறந்துவிடுகிறது.

மீமிசலிலிருந்து ஒரு பயணம்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை ஊர்களுள் ஒன்று மீமிசல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த அவ்வூரில் கல்யாணராமர் கோயில் ஒன்றுண்டு. தெற்கே செல்லும் அக்கடற்கரை, இராமகாதையோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் தேவிபட்டினம், திருப்புல்லாணி, இராமேசுவரம் ஆகிய ஊர்களை நோக்கி நீள்கிறது. காப்பியத்தின் காற்று வீசும் இவ்வூரிலிருந்து பதினொன்றாம் வகுப்பு மாணவர் நால்வர் காரைக்குடி விழாவிற்குப் புறப்படுவதாகக் கொள்ளலாம்.

அவர்கள் செல்லும் பேருந்து, மாணிக்கவாசகரோடு தொடர்புடைய ஆவுடையார்கோவிலைக் கடந்து அறந்தாங்கியை அடைகிறது. அங்கிருந்து காரைக்குடிக்கு வேறு பேருந்து. மீன்பிடி வலைகளும் உப்பளங்களும் பின்னே மறைய, கண்மாய்களும் வயல்களும் முன்னே விரிகின்றன. நால்வரும் வகுப்பில் கும்பகருணனைப் பற்றிக் கேட்டிருக்கின்றனர். அன்றைய பட்டிமண்டபம், 'உயர்ந்து நிற்பவன் கும்பகருணனா, வீடணனா?' என்பதைப் பற்றியதாக இருப்பின், வாதம் பேருந்திலேயே தொடங்கிவிடும்.

ஒருவன் கும்பகருணன் பக்கம் நிற்கிறான். அண்ணன் செய்தது தவறு என்று அவையிலேயே எடுத்துரைத்தவன் கும்பகருணன். எனினும் உண்ட சோற்றுக்கு நன்றி மறவாமல், தோல்வி உறுதி எனத் தெரிந்தும் போருக்குச் சென்றான் என்பது அவனுடைய வாதம். மற்றொருவன் அதை ஏற்கவில்லை. தவறு எனத் தெரிந்த பின்னும் தவற்றுக்கே வாளெடுப்பது நன்றியாகுமா? உடன்பிறப்பையும் நாட்டையும் விட்டு அறத்தின் பக்கம் சென்ற வீடணனுக்கு வேண்டிய துணிவு பெரிதன்றோ என்பது அவனுடைய வினா. மூன்றாமவன் இருபுறமும் தலையசைக்கிறான். நான்காமவனுக்குச் சன்னலோர இருக்கைதான் முதன்மையாகத் தெரிகிறது. நண்பர் குழு எதுவாயினும் இந்நால்வரையும் அதில் காணலாம்.

அரங்கில் நிகழ்வது வேறு. பேருந்தில் வலிமையாகத் தோன்றிய வாதம் அங்கு இரண்டே நிமிடங்களில் உடைபடுகிறது. தாம் எண்ணியே பாராத பாடலொன்றை எதிரணியினர் எடுத்துக்காட்டுகின்றனர். இறக்கும் தறுவாயில் கும்பகருணன் இராமனிடம் வேண்டுவன இரண்டு. அறத்தை நாடி வந்த தன் தம்பியைக் காத்தருள வேண்டும் என்பது ஒன்று. மூக்கிழந்த தன் முகத்தைப் பிறர் காணாதவாறு தலையைக் கடலில் ஆழ்த்திவிட வேண்டும் என்பது மற்றொன்று. தன்னை விட்டுச் சென்ற தம்பிக்காகவே இறுதி மூச்சில் அடைக்கலம் வேண்டுகிறான் அவன். அதைக் கேட்டதும், வீடணனுக்காக வாதிட்ட மாணவனும் கும்பகருணனுக்காக வாதிட்ட மாணவனும் ஒருசேர அமைதியாகின்றனர். சன்னலோரம் அமர்ந்து வந்தவனோ நிமிர்ந்து உட்காருகிறான். நாள்தோறும் கடலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, அத்தலை மூழ்கிய நீர் தொலைவில் இருப்பதாகத் தோன்றவில்லை.

நடுவரின் தீர்ப்பு எதுவாயினும், அன்றிரவு உறவினர் இல்லத்துத் திண்ணையில் அவ்வழக்கு மீண்டும் நடக்கும். மறுநாளும் ஊர் திரும்பும் வழியிலும் அது தொடரும். கைப்பேசித் திரையில் அதே பட்டிமண்டபத்தைக் கண்டிருந்தால் சொற்கள் அனைத்தும் செவியில் விழுந்திருக்கும். ஆனால் பாட்டைக் கேட்டு அரங்கே அமைதியாகும் கணமும், அறியாத முதியவர் ஒருவர் அருகில் அமர்ந்து அடுத்த அடியை மெல்லச் சொல்லிக்கொடுக்கும் உறவும் திரையில் கிடைப்பதரிது.

ஒட்டியும் வெட்டியும்

ஒரு புலவரை விரும்புவோர் அனைவரும் ஒரே கருத்துடையவராக இருப்பதில்லை. கம்பர் வரலாறே இதற்குச் சான்று. டி. கே. சிதம்பரநாதர் கம்பரில் பெரிதும் தோய்ந்தவர். அவரே, காப்பியத்துள் இடைச்செருகல்கள் மிகுந்துள்ளன எனக் கருதி, கம்பருடையவை எனத் தாம் கொண்ட பாடல்களை மட்டும் தேர்ந்து பதிப்பித்தார். பிற அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை.

இராமகாதையையே எதிர்த்தோரும் இருந்தனர். 1943ஆம் ஆண்டு, அக்காப்பியத்தை எரிக்க வேண்டுமா என்னும் பொருளில் அறிஞர் அண்ணா, ரா. பி. சேதுப்பிள்ளையுடனும் பின்னர் நாவலர் சோமசுந்தர பாரதியாருடனும் மேடையில் வாதிட்டார். கடுமையான கருத்து மோதல் அது. எனினும் இரு தரப்பினரும் ஒரே மேடையில் அமர்ந்து, மக்கள்முன் தத்தம் சான்றுகளை வைத்தனர். எதிர்ப்பவரும் பாடல்களை நன்கு படித்த பின்னரே எதிர்த்தார் என்பதை மறத்தல் கூடாது.

கம்பரை விரும்பியவர்களும் ஒரு சமயத்தாரோ ஒரு கொள்கையினரோ அல்லர். பொதுவுடைமை இயக்கத் தலைவர் ப. ஜீவானந்தம், கம்பரின் கவிநலத்தை மேடைதோறும் முழங்கினார். நாகூரில் பிறந்து, சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக உயர்ந்த மு. மு. இஸ்மாயில், கம்பரில் ஆழ்ந்த புலமையாளர். சென்னைக் கம்பன் கழகத்தை முன்னின்று நடத்தினார். வாலியை இராமன் மறைந்து நின்று கொன்றது முறையா என்னும் சிக்கலை நீதிபதிக்குரிய நுட்பத்துடன் ஆராய்ந்தார். பிறப்பாலும் நம்பிக்கையாலும் வேறுபட்டோர் ஒரு பாட்டின்முன் ஒன்றாக அமர முடியும் என்பதை இவர்கள் வாழ்ந்து காட்டினர்.

விரிந்த வட்டம்

காரைக்குடியில் ஏற்றிய விளக்கிலிருந்து பல விளக்குகள் ஏற்றப்பட்டன. புதுச்சேரி, சென்னை, புதுக்கோட்டை முதலிய ஊர்களில் கம்பன் கழகங்கள் தோன்றின. கடல் கடந்து, யாழ்ப்பாணத்தில் 1980ஆம் ஆண்டு கம்பன் கழகம் நிறுவப்பட்டது.

காலம் மாறும்போது சுவைக்கும் பொருளும் மாறுகிறது. 1970இல் அமெரிக்காவின் சாண்டியேகோ நகரிலும், 1975இல் சப்பானின் தோக்கியோ நகரிலும் படக்கதை விரும்பிகளின் மாநாடுகள் தொடங்கின. இந்தியாவில் 2011இல் தில்லியில் தொடங்கிய 'காமிக் கான்' விழா, 2024ஆம் ஆண்டு சென்னைக்கும் வந்தது. ஆயினும் தமிழ்ப் படக்கதைக்கு அதற்கு முன்பே வலுவான வாசகர் வட்டம் இருந்தது. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்சும், 1984இல் லயன் காமிக்சும் வெளிவரத் தொடங்கின. அவற்றைச் சிறுவயதில் படித்தவர்கள் இன்று நடுவயதினர். ஈரோட்டில் ஆகத்துத் திங்களில் நடைபெறும் புத்தகத் திருவிழாவையொட்டி, பல ஊர்களிலிருந்தும் வந்து அவர்கள் சந்தித்துக்கொள்கின்றனர். காப்பியம் பயில்வோரும் படக்கதை படிப்போரும் தேடுவது ஒன்றே. தாம் விரும்பியதைச் சொல்லத் தொடங்கும்போதே புரிந்துகொள்ளும் ஒரு முகம் அவர்களுக்கு வேண்டும்.

பற்றும் சுவையும்

ஒருவர்மீதோ ஒரு படைப்பின்மீதோ கொள்ளும் பற்று, அளவு கடந்தால் கண்ணை மறைக்கும். தான் விரும்புவதில் குறையே இல்லை என்றும், விரும்பாதவர் பகைவர் என்றும் எண்ணச் செய்யும். சுவைத்தலோ கண்ணைத் திறக்கும். சுவைஞர், தாம் போற்றும் நூலின் குறையையும் அறிவார். மறுப்பவரின் சொல்லுக்கும் செவி கொடுப்பார். மறுப்பில் உண்மை இருப்பின் தம் கருத்தைத் திருத்திக்கொள்வார். கூடிப் பேசும் அரங்குகள் பற்றைச் சுவையாக மாற்றும் பயிற்சிக்கூடங்களாகும்.

மீமிசலுக்குத் திரும்பும் நால்வரும் ஒரே முடிவுடன் திரும்புவதில்லை. கும்பகருணனை உயர்த்தியவன் இன்னும் அவனையே உயர்த்தக்கூடும். ஆனால் வீடணன் பக்கத்து நியாயத்தையும் இப்போது அவனால் எடுத்துச் சொல்ல முடியும். நண்பனின் கருத்தை நண்பனைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்த பின்னர் அதனை மறுப்பதே நேர்மையான வாதம். பேருந்து அறந்தாங்கியைக் கடந்து கடற்கரையை நெருங்கும்போது, சன்னலோரம் அமர்ந்திருப்பவன் யுத்த காண்டத்தைப் பள்ளி நூலகத்தில் இரவல் பெற எண்ணுகிறான். விழா அவனுக்கு அளித்த பரிசு அதுவே.

கற்பவை கற்றபின்

1. கும்பகருணன், வீடணன் ஆகிய இருவருள் நீங்கள் ஏற்காத ஒருவரின் பக்கம் நின்று, அவருக்காக வகுப்பில் மூன்று நிமிடம் பேசுக.
2. உங்கள் ஊரிலோ அருகிலுள்ள ஊரிலோ நடைபெறும் இலக்கிய விழா அல்லது புத்தகத் திருவிழாவிற்கு நண்பர்களுடன் சென்று, அங்குக் கேட்ட ஒரு கருத்தையும் அதற்கு உங்கள் மறுமொழியையும் எழுதுக.
3. பற்று, சுவைத்தல் ஆகிய இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் பட்டறிவிலிருந்து எடுத்துக்காட்டுடன் விளக்குக.