சாப்பாட்டு மேசையில் பிறந்த ஆய்வு

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நெஞ்சம் நடுங்குகிறது. வீட்டில் பெரியவர்கள் அச்சொல்லை உரக்கச் சொல்வதுகூட இல்லை. ஆனால், ‘இந்நோய் உடலின் எந்த மூலையில் தொடங்குகிறது?’ என்று பொறுமையோடு தேடி, தாம் கண்டதைச் சில பக்கங்களில் எழுதி வைத்தார் ஒரு பெண்மணி. அவர்தாம் அமெரிக்க நாட்டு மருத்துவர் ஜேனட் ரௌலி. அவருடைய ஆய்வுக் கட்டுரைகளின் கதையை இங்கே காண்போம்.

இவர் 1925-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பிறந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் சிறப்புத் திட்டம் ஒன்றில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தபோது அவருக்கு வயது 15. ஆம், நம் வயதுதான்! பின்னர் மருத்துவம் படிக்க விரும்பினார். அங்கே 65 இடங்களில் பெண்களுக்கு மூன்று இடங்களே ஒதுக்கப்பட்டிருந்தன. அவை நிரம்பிவிட்டதால் அவர் ஒன்பது மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. 1948-இல் பட்டம் பெற்றார். மறுநாளே திருமணமும் நடந்தது. நான்கு ஆண் மக்களை வளர்த்துக்கொண்டே பல ஆண்டுகள் வாரத்தில் மூன்று நாள் மட்டும் பணிக்குச் சென்றார்.

விஞ்ஞானி ஒருவர் என்ன செய்தார் என்பதை அறிய அவருடைய ஆய்வுக் கட்டுரைகளைப் பார்க்க வேண்டும். நாம் ரெக்கார்டு நோட்டில் நோக்கம், செய்முறை, கண்டறிந்தது, முடிவு என்று எழுதுகிறோம் அல்லவா? ஆய்வுக் கட்டுரையும் ஏறக்குறைய அப்படித்தான். நம் நோட்டை ஆசிரியை ஒருவரே திருத்துவார். கட்டுரையையோ உலகத்து விஞ்ஞானிகள் எல்லோரும் படிப்பர். அதே சோதனையைத் தாமும் செய்து பார்ப்பர். பொய் என்றால் வெளிப்பட்டுவிடும்.

நம் உடல் கோடிக்கணக்கான செல்களால் ஆனது. பெரும்பாலான செல்களின் உட்கருவில் 46 குரோமோசோம்கள் உள்ளன. செல் எப்போது பிரிய வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற கட்டளைகள் இவற்றில்தான் அடங்கியுள்ளன. 1960-இல் பிலடெல்பியா நகரில் நோவல், ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர், ஒருவகை நாட்பட்ட இரத்தப் புற்றுநோயாளரின் செல்களில் ஒரு குரோமோசோம் மிகவும் குட்டையாக இருப்பதைக் கண்டனர். அது 22-ஆம் குரோமோசோம் எனப் பின்னர் தெரிந்தது. அதன் ஒரு துண்டு காணாமற் போய்விட்டது என்றே பலரும் எண்ணினர்.

அக்காலத்தில் குரோமோசோம்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவது கடினம். பிறகு புதிய சாயமுறைகள் வந்தன. மலேரியாவுக்கு மருந்தாகப் பயன்பட்ட குவினாக்ரினைச் சாயமாக ஏற்றிப் புற ஊதா ஒளியில் பார்த்தால், ஒவ்வொரு குரோமோசோமிலும் தனித்தனியான பட்டைகள் ஒளிரும். ரௌலி அம்மையார் இம்முறையை இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டில் கற்றுவந்தார். நுண்ணோக்கியில் எடுத்த படங்களை வீட்டிற்குக் கொண்டுவந்து, குரோமோசோம்களைக் கத்தரியால் வெட்டி, சாப்பாட்டு மேசைமேல் வரிசையாகப் பரப்பி வைப்பார். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறார் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம்!

அந்த விளையாட்டில் உண்மை வெளிப்பட்டது. முதலில், வேறொரு வகை இரத்தப் புற்றுநோயில் 8-ஆம் குரோமோசோமும் 21-ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டிருப்பதைக் கண்டார். அடுத்து, குட்டையான 22-ஆம் குரோமோசோம் உள்ள செல்களை ஆராய்ந்தார். அவற்றில் 9-ஆம் குரோமோசோம் சற்றே நீண்டிருந்தது. காணாமற் போன துண்டு காணாமற் போகவில்லை. இடம் மாறி ஒட்டிக்கொண்டிருந்தது!

இதை அவர் 1973 ஜூன் மாதம் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். அக்கட்டுரை நான்கு பக்கங்களுக்குள் அடங்கியது. எழுதியவர் அவர் ஒருவரே. ஒன்பது நோயாளிகளின் செல்களைப் பார்த்ததாகக் கூறி, இடமாற்றம் நடந்திருக்கலாம் என்று அடக்கமாக எழுதினார். கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

குரோமோசோம் மாற்றம் நோயின் விளைவேயன்றிக் காரணம் அன்று என்று கருதியவர் அந்நாளில் பலர். அவர் வாதாடிக் கொண்டிருக்கவில்லை. மேலும் பார்த்தார், மேலும் எழுதினார். 1977-இல் மற்றொரு வகை இரத்தப் புற்றுநோயில் 15, 17 ஆகிய குரோமோசோம்களிடையே இடமாற்றம் நிகழ்வதைத் தம் கூட்டாளிகளோடு வெளியிட்டார். ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு மாற்றம் என்ற உண்மை மெல்ல மெல்ல நிலைபெற்றது.

1980-களில் மற்ற விஞ்ஞானிகள் அம்மாற்றத்தின் உட்பொருளை விளக்கினர். 9-ஆம் குரோமோசோமிலுள்ள ஒரு ஜீன் இடம்பெயர்ந்து 22-இல் உள்ள மற்றொரு ஜீனோடு இணைகிறது. அவ்விணைப்பால் உண்டாகும் புரதம், ‘பிரி, பிரி’ என்று செல்லை ஓயாமல் ஏவுகிறது. பள்ளி மணி நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் வகுப்புகள் என்ன ஆகும்? அதே நிலைதான். அந்த மணியை நிறுத்தும் இமாட்டினிப் என்ற மாத்திரை 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முன்பு இந்நோய் கண்டவருள் பலர் சில ஆண்டுகளுக்கு மேல் வாழவில்லை. இன்று மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டு பலர் நெடுநாள் வாழ்கின்றனர். அந்த நான்கு பக்கங்களுக்கும் மாத்திரைக்கும் இடையே 28 ஆண்டுகள்!

1998-இல் லாஸ்கர் பரிசும், 2009-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் சுதந்திரப் பதக்கமும் ரௌலி அம்மையாரைத் தேடி வந்தன. முதுமையிலும் ஆய்வைத் தொடர்ந்த அவர் 2013-இல் மறைந்தார்.

தோழியரே! வகுப்பில் வெங்காயத் தோலின் செல்களை நுண்ணோக்கியில் பார்த்தோம். நம்மில் எத்தனை பேர் கண்டதை வரைந்தோம்? பாடநூலிலுள்ள படத்தை அழகாகப் பார்த்து வரைந்து, ‘நன்று’ என்ற குறிப்பையும் பெற்றுக்கொண்டோம். ரௌலி அம்மையாரும் முந்தியவர் சொன்னதையே திருப்பி எழுதியிருந்தால், அந்தத் துண்டு இன்னும் எத்தனை காலம் காணாமற் போயிருக்குமோ! இனி நம் நோட்டில் கோடு கோணலாயினும் கண்டதையே வரைவோம், கண்டதையே எழுதுவோம்.