இரண்டு பந்தயங்களுக்கு நடுவே

ஒரே நாள், ஒரே ஊர்

1995 அக்டோபர், ஹவாய்த் தீவின் கோனா. கடலில் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதற்குமேல் 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டிய அயர்ன்மேன் உலகப் போட்டி. பெண்களில் முன்னால் வந்துகொண்டிருந்தவர் பவுலா நியூபி-ஃப்ரேசர். அதற்கு முன்பே ஏழு முறை அங்கே வென்றவர். முடிவுக்கோட்டுக்குச் சில நூறு மீட்டரே இருக்கும்போது அவருடைய கால்கள் பின்னிக்கொண்டன. துரத்தி வந்த காரென் ஸ்மையர்ஸ் தாண்டிப் போனார். பவுலா தெருவிலேயே உட்கார்ந்தார், பிறகு படுத்துவிட்டார். வெகுநேரம் கழித்து எழுந்து, நடந்தே போய் நான்காவதாக முடித்தார். அந்த ஆண்டு அளவுக்கு மீறிப் பயிற்சி செய்துவிட்டதாகப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

அதே நாள் ஆண்கள் பிரிவில் மார்க் ஆலன் ஓடினார். வயது 37. சைக்கிளை விட்டு இறங்கியபோது ஜெர்மனியின் தாமஸ் ஹெல்ரீகல் அவரைவிட 13 நிமிடத்துக்கும் மேலாக முன்னே இருந்தார். ஆலன் அந்த இடைவெளியை ஓடியே அடைத்து, ஆறாவது முறையாகப் பட்டம் வென்றார். 1989 முதல் 1993 வரை தொடர்ந்து ஐந்து முறை ஜெயித்தவர், 1994-இல் கோனாவில் போட்டியிடவே இல்லை.

ஒருவர் ஓய்வெடுத்ததால் வென்றார், இன்னொருவர் எடுக்காததால் விழுந்தார் என்று கணக்கு முடித்துவிட முடியாது. வெயில், தண்ணீர், எதிராளி என்று எத்தனையோ சேர்ந்துதான் ஒரு பந்தயம். ஆனாலும் இந்த இரண்டு பேரையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் என்னால் இந்த விஷயத்தைப் பேச முடிவதில்லை. ஒரு பந்தயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் என்ன செய்தோம் என்பது எப்போதாவது ஒருநாள் உடம்பில் வெளியே வந்தே தீரும்.

1978-இல் ஹவாயில் நடந்த முதல் அயர்ன்மேனில் புறப்பட்டவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். இன்று நிலைமை வேறு. பாதித் தூரப் போட்டி கொழும்பில் 2018-இலும், கோவாவில் 2019-இலும் வந்துவிட்டது. முழுத் தூரத்துக்கு நம்மவர்கள் மலேசியாவின் லங்காவி வரை போகிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் பகலில் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள். கழுத்தில் மெடலோடு விடுதி அறைக்குத் திரும்பிய அன்றிரவே அடுத்த போட்டிக்குப் பணம் கட்டிவிடுகிறவர்களும் உண்டு. அந்த இரவில் மட்டும் பதிவு செய்ய வேண்டாம் என்று நான் யாரிடமும் கெஞ்சிக் கேட்பேன். குறைந்தது மூன்று வாரம் போகட்டும்.

வலி போனால் ஆறிவிட்டதா?

பந்தயம் முடிந்து ஐந்தாம் நாள் மாடிப்படி இறங்கும்போது தொடை வலிக்காது. பத்தாம் நாள் கால் துறுதுறுவென்று இருக்கும். ஷூவை மாட்டத் தோன்றும். ஏமாறுவது இங்கேதான்.

உடம்பின் ஒவ்வொரு பாகமும் தனக்கென ஒரு வேகத்தில் ஆறுகிறது. தசையிலும் கல்லீரலிலும் சேமித்த சர்க்கரையான கிளைகோஜன், ஒழுங்காகச் சாப்பிட்டால் ஓரிரு நாளில் நிரம்பிவிடும். கிழிந்த தசைநார்களிலிருந்து ரத்தத்தில் கசிந்த கிரியாட்டின் கைனேஸ் அளவு இறங்கப் பல நாட்கள் ஆகும். குதிகால் நரம்பு என்று நாம் வழக்கமாகச் சொல்லும் அக்கிலிஸ் போன்ற தசைநாண்களுக்கு ரத்த ஓட்டமே குறைவு, அவை இன்னும் மெதுவாகத் தேறும்.

எல்லாவற்றிலும் தாமதம் எலும்பு. தாக்குதலைச் சந்தித்த எலும்பு தன்னைப் புதுப்பிக்கும்போது, முதலில் பழைய பகுதியைத் தோண்டி எடுக்கிறது. அதற்குச் சில வாரங்கள். அந்தக் குழியில் புது எலும்பு நிரம்பிக் கெட்டியாக மாதங்கள் ஆகும். ஆக, நடுவில் ஒரு கட்டத்தில் எலும்பு முன்பிருந்ததைவிட வலுக்குறைவாக இருக்கிறது. குழாய் பதிக்கத் தோண்டிய சாலையை மூடுமுன் லாரி விட்டால் என்ன ஆகுமோ, அந்த நேரத்தில் லாங் ரன் போனால் அதுதான் ஆகும். முழங்காலுக்குக் கீழே, பாதத்தில், சிலருக்கு இடுப்பு மூட்டருகே மயிரிழை முறிவு விழும். பிரிட்டனின் லூசி சார்ல்ஸ்-பார்க்ளே 2022-இல் இடுப்பருகே இப்படி ஒரு முறிவால் பல மாதம் ஓடாமல் இருந்தார். உலகின் முதல்வரிசை வீராங்கனைக்கே அந்த நிலை. பொறுத்திருந்தவர், 2023-இல் கோனாவில் பட்டம் வென்றார்.

ஆகவே முழுத் தூரப் போட்டிக்குப் பிறகு முதல் வாரம் நடை மட்டும் போதும். உராய்வுப் புண்கள் ஆறியிருந்தால் குளத்தில் சும்மா மிதக்கலாம். இரண்டாம் வாரம் நீச்சலும், மேடில்லாத சாலையில் அரைமணி, ஒருமணி சைக்கிளும். ஓட்டம் கடைசியாக, மூன்றாம் வாரத்துக்கு மேல். நீச்சலில் உடம்பின் எடையைத் தண்ணீர் தாங்குகிறது, சைக்கிளில் சீட் தாங்குகிறது. ஓட்டத்தில் ஒவ்வொரு அடியும் எலும்பின்மேல்தான் விழுகிறது. வேகப் பயிற்சி ஒரு மாதம் கழித்து. பாதித் தூரத்துக்கு இதில் ஏறக்குறையப் பாதி. வேலைக்குப் போகிறவர் ஒரு முழுத் தூரப் போட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவே நான்கு மாதமாவது விட வேண்டும் என்பது என் கருத்து. வருடத்துக்கு ஒன்று போதும் என்பதும் என் கருத்துதான்.

களைப்பில் மூன்று வகை

ஐரோப்பிய விளையாட்டு அறிவியல் கல்லூரியும் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட அறிக்கை, பயிற்சிக் களைப்பை மூன்றாகப் பிரிக்கிறது. முதல் வகை நமக்கு வேண்டியது: கடுமையாக உழைத்து, சில நாளோ ஓரிரு வாரமோ தளர்ந்து, ஓய்வுக்குப் பின் முன்னைவிட வலுவாவது. இரண்டாவதில் தளர்ச்சி வாரங்கள், மாதங்கள் என்று நீளும், திரும்பினாலும் லாபம் ஒன்றும் இருக்காது. மூன்றாவதுதான் ஓவர்டிரெய்னிங் சிண்ட்ரோம். அதில் விழுந்தவர் எழப் பல மாதங்கள், சிலருக்கு அதற்கும் மேல் ஆகலாம்.

கொடுமை என்னவென்றால், முதல் வகையில் இருக்கும்போது மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். அதை விடக் கொடுமை, இந்தப் பாதையில் சறுக்குகிறவர்கள் சோம்பேறிகள் அல்லர். நேரம் குறைகிறதே, உழைப்பு போதவில்லையோ என்று இன்னொரு மணி நேரம் கூட்டுகிறார்கள். அதனால் நேரம் மேலும் சரிகிறது. மறுபடியும் கூட்டுகிறார்கள்.

இதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஒரு ரத்தப் பரிசோதனை இல்லை. கவனித்துத்தான் பிடிக்க வேண்டும். காலையில் கண் விழித்ததும் படுக்கையில் இருந்தபடியே நாடித் துடிப்பை எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடுதலாக மூன்று நான்கு நாள் தொடர்ந்தால், ஏதோ நடக்கிறது: ஒன்று காய்ச்சல் வரப்போகிறது, அல்லது உடம்பு தேறவில்லை. களைப்பு ஆழமாகிவிட்டவர்களுக்குத் தலைகீழாகவும் நடக்கும். எவ்வளவு மிதித்தாலும் நாடி மேலேறாது. கடிகாரம் காட்டும் அந்தக் குறைந்த எண்ணைப் பார்த்து, உடல்தகுதி கூடிவிட்டதென்று மகிழ்ந்து ஏமாறுகிறவர்கள் உண்டு.

ஆனால் நாடியைவிட மனநிலை முன்னதாகச் சொல்லிவிடும். பிள்ளையிடம் காரணமில்லாமல் எரிந்து விழுவது, உடம்பு அசந்தும் தூக்கம் வராதது, சைக்கிளைப் பார்த்தாலே வெறுப்பது. இவற்றை வீட்டில் இருப்பவர்கள் முதலில் பார்ப்பார்கள். அவர்களிடம் கேளுங்கள்.

நாலு மணி அலாரம்

தொழில்முறை வீரர் பயிற்சி முடித்து மதியம் தூங்குகிறார். நம் ஆள் காலை நாலு மணிக்கு எழுந்து, வெயிலும் லாரியும் வருமுன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டிவிட்டு, ஒன்பது மணிக்கு அலுவலகம் போகிறார். இரவு வெளிநாட்டு அழைப்புகள் முடிந்து படுக்கப் பதினொன்றரை. நாலரை மணி நேரத் தூக்கம். இதை அவர் ஒழுக்கம் என்று நினைக்கிறார், பார்ப்பவர்களும் கைதட்டுகிறார்கள். எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

பயிற்சி நம்மை வலுவாக்குவதில்லை. அது நம்மைச் சிதைக்கிறது. சிதைந்ததைச் சரிசெய்து கூடக் கொஞ்சம் கட்டிக் கொடுப்பது தூக்கமும் சாப்பாடும்தான். வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பது ஆழ்ந்த உறக்கத்தில். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும், பயிற்சியில் இருப்பவருக்கு அதற்கும் மேல். ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய நாளில் கடும் பயிற்சியை விட்டுவிட்டு அந்த நேரத்தைத் தூங்கலாம். அலுவலக நெருக்கடியோ, வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாததோ இருந்த வாரமும் பாரமான வாரம்தான். மேலதிகாரி கொடுத்த பதற்றம் வேறு, மேட்டுச் சாலை கொடுத்த பதற்றம் வேறு என்று உடம்பு பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டுக்கும் அதே கார்டிசால்தான்.

நிதானமாகப் போகும் துணிவு

மார்க் ஆலனும் தொடக்கத்தில் எப்போதும் முழுமூச்சாகவே பயிற்சி செய்தவர். அடிக்கடி காயம், சோர்வு. ஃபிலிப் மாஃபடோன் என்ற ஆலோசகர், நாடி நிமிடத்துக்கு 155-ஐத் தாண்டாமல் ஓடச் சொன்னார். ஆலனுக்கு அவமானமாக இருந்தது. ஒரு மைலுக்கு எட்டு நிமிடத்துக்கும் மேல் ஆனது. விடாமல் செய்தார். சில ஆண்டுகளில் அதே நாடித் துடிப்பில், ஒரு மைலை ஐந்தரை நிமிடத்துக்கும் குறைவாக ஓடினார்.

நார்வேயில் பணியாற்றும் உடலியலாளர் ஸ்டீஃபன் சைலர், பல விளையாட்டுகளின் உயர்நிலை வீரர்களைக் கவனித்தபோது, அவர்கள் பயிற்சி அமர்வுகளில் ஏறக்குறைய 80 சதவீதம் மிதமானவை என்று கண்டார். பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் பலர் நேர்மாறு; மெதுவான நாளும் மெதுவாக இல்லை, வேகமான நாளும் போதிய வேகமில்லை. அளவுகோல் எளிது: பக்கத்தில் வருபவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் அதற்காக நடக்க நேர்ந்தாலும் நடக்கலாம். வெயிலில் தோலைக் குளிரவைக்கவும் ரத்தம் ஓடவேண்டியிருப்பதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது.

மூன்று வாரம் ஏற்றி, நான்காம் வாரம் குறைப்பது பழைய வழக்கம். நாற்பது தாண்டியவர்களுக்கு இரண்டு வாரம் ஏற்றி ஒரு வாரம் குறைப்பது பெரும்பாலும் ஒத்துவரும்.

தட்டில் குறைவது

எடை குறைந்தால் வேகம் கூடும் என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே பயிற்சியைக் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். செலவுக்கேற்ற வரவு இல்லாதபோது, உடம்பு தனக்கு அவசியமில்லை என்று கருதும் வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றுபோகும். ஆண்களுக்குப் பாலுணர்வு மங்கும். எலும்பு மெலியும், சளி விடாது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இதை ஒரு தனி நிலையாகவே வரையறுத்தது. பயிற்சி மும்முரத்தில் மாதவிடாய் நிற்பது சகஜம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது மருத்துவரிடம் போகவேண்டிய விஷயம்.

நம் நாட்டில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். கீரையும் சுண்டலும் சாப்பிட்ட கையோடு ஃபில்டர் காபி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒருமணி நேரம் தள்ளிக் குடியுங்கள், ஒரு எலுமிச்சைப் பிழிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீண்ட பயிற்சி முடிந்து வந்ததும் இட்லி, பொங்கல், முட்டை, தயிர் என்று எது வீட்டில் இருக்கிறதோ அதை வயிறாரச் சாப்பிடுங்கள். பவுடர் டப்பா வாங்கித்தான் ஆகவேண்டும் என்றில்லை.

காத்திருக்கக் கூடாதவை

பயிற்சியின்போது மார்பு வலி, மயக்கம், தாறுமாறான படபடப்பு இருந்தால் அன்றே மருத்துவமனை. கடும் உழைப்புக்குப் பின் சிறுநீர் கோலா நிறத்தில் வந்தாலும் அப்படியே. சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கும் அபாயம் அது. வலி தெரியாமலிருக்க பந்தய நாளில் ஐபூபுரூஃபன் போடுவதும் சிறுநீரகத்துக்கே சுமை. காய்ச்சலோடு ஓடவே கூடாது, இதயத் தசையில் அழற்சி வரக்கூடும்.

இரண்டு வாரம் முழு ஓய்வெடுத்தும் களைப்பு போகவில்லையென்றால், ஓவர்டிரெய்னிங் என்று நீங்களே பெயர் வைத்துவிடாதீர்கள். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை, மறைந்திருக்கும் தொற்று, மனச்சோர்வு எல்லாம் இதே முகத்தோடுதான் வரும். இவை எதுவும் இல்லை என்று உறுதியான பிறகே மருத்துவர் அந்தப் பெயரைச் சொல்ல முடியும்.

மறுபடி தொடங்கும்போது

கடிகாரத்தைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். முதல் சில வாரம் தூரமும் வேண்டாம், வேகமும் வேண்டாம். இருபது நிமிட நடை. மறுநாள் காலை அலாரம் இல்லாமல் விழிப்பு வந்து, நாடி பழைய எண்ணில் இருந்தால் இன்னொரு இருபது. சைக்கிளை எடுக்கலாமா என்று ஆசை தானாக வரும்வரை சைக்கிள் சுவரோரம் நிற்கட்டும்.

பவுலா 1996-இல் கோனாவுக்குத் திரும்ப வந்தார், 34 வயதில். ஸ்மையர்ஸ் தாண்டிப்போன அதே தெரு வழியாக ஓடி, எட்டாவது முறையாக முதலில் வந்தார்.