சாமிக்குக் கடன் பாக்கி இருக்கா? கிருபை, கிரியை, ஒரு கொல்லிமலைக் கதை

(ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் தொகுத்த எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் வேற மாதிரி. ஒரு ஆஸ்பத்திரி வார்டுல எனக்குள்ள ஆரம்பிச்ச கேள்வி இது.

என் ஊர் எடப்பாடி. அரசியலை விட்டுட்டுப் பார்த்தா, எங்க ஊருக்கு ரெண்டு அடையாளம். ஒண்ணு தறிச் சத்தம். இன்னொண்ணு பழனிக் காவடி. தைப்பூசம் முடிஞ்சதும் எங்க ஊர்க் கூட்டம் ஆயிரக்கணக்குல நடந்தே பழனிக்குப் போகும். பழனி மலை மேல ஒரு ராத்திரி தங்குற உரிமை எடப்பாடிக் காவடிக் கூட்டத்துக்கு உண்டு. அங்கேயே டன் கணக்குல பஞ்சாமிர்தம் செஞ்சு, ஊருக்குக் கொண்டு வந்து பங்கு போடுவாங்க.

எங்க ஆயா முப்பது வருஷத்துக்கு மேல அந்தக் கூட்டத்தோட நடந்துச்சு. போன தை மாசம் வாசல்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு, சேலத்துல ஒரு ஆஸ்பத்திரியில கிடந்துச்சு. வலி ஒரு பக்கம். ஆனா அதை விட வேற ஒண்ணுதான் ஆயாவைத் தின்னுச்சு. ராத்திரி பூரா என் கையைப் புடிச்சுக்கிட்டு ஒரே பேச்சு: "கடன் நிக்குது கண்ணு. நடக்காமலே போய்ச் சேந்துட்டா முருகனுக்கு என்னடா பதில் சொல்லுவேன்?"

ராத்திரி டியூட்டி நர்ஸ் கொல்லிமலைப் பொண்ணு, கிறிஸ்தவங்க. இதைக் கேட்டுட்டு, "ஆயா, எங்க சபையில என்ன சொல்லுவாங்க தெரியுமா? சாமி கடனை நம்மால அடைக்கவே முடியாதாம். அவரே அடைச்சுட்டாராம்" அப்படின்னாங்க.

ஆயா விடல. "அப்புறம் எதுக்குச் சாமி நீ தூங்காம என்னைப் புரட்டிப் போட்டு முதுகு துடைக்கிற?"

"சம்பளம் தர்றாங்கல்ல ஆயா." சிரிச்சாங்க. அப்புறம், "சம்பளத்துக்கு மட்டும்னா இவ்வளவு செய்ய மாட்டேன்"னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டாங்க.

ஆயா கேட்டதுதான் இன்னைக்குத் தலைப்பு. நல்லது செஞ்சு சாமிகிட்ட எதையும் சம்பாதிக்க முடியாதுன்னா, நல்லது எதுக்குச் செய்யணும்?

சம்பளமா, பரிசா?

முதல்ல மூணு சொல். கிருபைன்னா தகுதி பார்க்காம கடவுள் காட்டுற தயவு. விசுவாசம்னா அந்தத் தயவை நம்பி அவர் மேல சாய்றது. கிரியைன்னா நாம செய்ற செயல்கள். நம்ம பக்கம் கிரியைன்னா ஈமக்கிரியைதான் ஞாபகம் வரும். தமிழ் பைபிள்ல அது தானம், விரதம், சட்டத்தைக் கடைப்பிடிக்கிறது எல்லாத்துக்கும் பொதுவான சொல்.

ரோமருக்கு எழுதின கடிதத்துல பவுல் இதுக்கு ஒரு கணக்கு சொல்றார். வேலை செஞ்சவனுக்கு வர்ற கூலி தயவு இல்ல, பாக்கி. நமக்கே தெரியும். மாசக் கடைசியில சம்பளம் கிரெடிட் ஆனா, "மேனேஜருக்கு என்ன கருணை!"ன்னு யாரும் உருகுறதில்ல. கடவுள் தர்ற இரட்சிப்பு அந்த மாதிரி இல்லைங்கிறதுதான் பவுலோட வாதம். மனுஷன் தன் பாவத்தைத் தானே சரிக்கட்ட முடியாது. இயேசு சிலுவையில சாவை ஏத்துக்கிட்டு அதைச் சரிக்கட்டினார். அதை நம்பி வாங்கிக்கிறது மட்டும்தான் நம்ம பங்கு. கிறிஸ்தவ நம்பிக்கையோட நடு மையம் இது.

ஜெர்மனித் துறவி மார்ட்டின் லூதருக்கு இது உயிர்ப் பிரச்சினையா இருந்துச்சு. விரதம், ஜெபம், பாவ அறிக்கைன்னு எல்லாம் செஞ்சும் "இது போதுமா?"ங்கிற பயம் அவரை விடல. அப்ரைசல் சமயத்துல நமக்கு வருமே, அதே பயம். ஆனா இந்த அப்ரைசலுக்கு முடிவே கிடையாது. பாவ தண்டனைக் குறைப்புக்குக் காசு வாங்கிட்டுச் சீட்டு கொடுத்ததை எதிர்த்து 1517ல அவர் 95 வாதங்களை வெச்சார். அதுலேர்ந்து சபையே பிளந்துச்சு. அந்த லூத்தரன் வழியில வந்த சீகன்பால்க் 1706ல தரங்கம்பாடியில இறங்கினார். தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்க அச்சானது 1715ல.

இதுல கத்தோலிக்கர்களைத் தப்பாப் புரிஞ்சுக்கக் கூடாது. கிருபைதான் முதல்னு அவங்களும் சொல்றாங்க. சண்டை, அதுக்குள்ள செயல்களுக்கு என்ன இடங்கிறதுல. 1999 அக்டோபர் 31ல, ஜெர்மனியில ஆக்ஸ்பர்க் நகரத்துல, ரெண்டு தரப்பும் உக்காந்து, அடிப்படையில ஒத்துப்போறோம்னு கூட்டு அறிக்கையில கையெழுத்துப் போட்டாங்க. ஏறக்குறைய 480 வருஷச் சண்டை.

நம்புறதும் ஒரு வேலைதானே?

இதைப் பேசினப்போ ஒரு ஃப்ரெண்ட் மடக்கினான்: "நம்பினாத்தான் உண்டுன்னா, நம்புறதும் ஒரு தகுதிதானேடா?" நியாயமான கேள்வி. அவங்க பதில் இது: பசிச்சவன் கை நீட்டி வாங்குறான். கை நீட்டினதாலயே சோறு அவன் சம்பாத்தியம் ஆயிடாது.

இந்தக் கேள்வி நம்ம மண்ணுக்குப் புதுசும் இல்ல. வைணவத்துல வடகலை, தென்கலைப் பிரிவுல இதே மாதிரி விவாதம் பல நூறு வருஷமா ஓடுது. குரங்குக் குட்டி தாயைத் தானே கெட்டியாப் புடிச்சுக்கணும். அது வடகலைக்குச் சொல்ற உவமை. பூனைக் குட்டி எதையும் புடிக்காது, தாயே கவ்விட்டுப் போகும். அது தென்கலைக்கு. ரெண்டும் கிறிஸ்தவமும் ஒண்ணுன்னு நான் சொல்லல. சிலுவை இல்லாம கிறிஸ்தவக் கிருபை இல்ல. ஆனா "நான் புடிக்கணுமா, அவர் தூக்குவாரா?"ங்கிற தவிப்பு ஒண்ணுதான்.

அப்போ இஷ்டத்துக்கு இருக்கலாமா?

இந்தக் கேள்வியைப் பவுலே எழுப்பி, கூடவே கூடாதுன்னு மறுக்கிறார். யாக்கோபு கடிதம் இன்னும் கறார்: செயல் இல்லாத விசுவாசம் செத்த விசுவாசம்ங்கிறார். எபேசியர் கடிதத்துல ரெண்டாம் அதிகாரம் ரெண்டையும் அடுத்தடுத்து வைக்குது. எட்டு, ஒன்பதாம் வசனங்கள், இரட்சிப்பு கிரியையால வரலைன்னு சொல்லும். பத்தாவது வசனம், நற்கிரியை செய்யத்தான் நாம படைக்கப்பட்டோம்னு சொல்லும்.

வரிசைதான் விஷயம். சேலத்து மாமரம் காய்க்கிறது, மாமரம் ஆகுறதுக்காக இல்ல. அது ஏற்கெனவே மாமரம். அதனால காய்க்குது.

கேக்க அழகா இருக்கு. நிஜத்துல நடக்குமா? அந்த நர்ஸோட மலையிலேயே அதுக்கு ஒரு கதை இருக்கு.

எழுபது வளைவுக்கு மேல

இன்னைக்குக் கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுல பைக் ஓட்டி ரீல்ஸ் போடுறோம். நூறு வருஷத்துக்கு முன்னாடி அது மலேரியா மலை. ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன்ங்கிற சின்ன சங்கத்துலேர்ந்து வந்த ஜெசி பிராண்ட், 1913ல கல்யாணம் பண்ணி, மனைவி எவ்லினோட அங்க குடியேறினார். அவர் டாக்டர் இல்ல, கொஞ்ச காலம் மருத்துவப் பயிற்சி எடுத்தவர். எவ்லின் லண்டன்ல வசதியான வீட்டுப் பொண்ணு, ஓவியம் படிச்சவங்க. அவங்க சபை, எல்லாம் கடவுளோட கிருபை, மனுஷன் சம்பாதிக்க ஒண்ணுமில்லைன்னு அழுத்திச் சொல்ற சபை.

அப்படி நம்பினவங்க சும்மா உக்காந்திருக்கணும்ல? காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தாங்க, பள்ளிக்கூடம் நடத்தினாங்க, விவசாயம் சொல்லிக் கொடுத்தாங்க. "மதம் மாத்தத்தானே வந்தாங்க?"ன்னு நீங்க கேக்கலாம். ஆமா, அதை அவங்க மறைக்கல. ஆனா பல வருஷம் ஒருத்தர் கூட மாறல. வேலை மட்டும் நிக்கல.

முதல் உலகப் போர் முடிஞ்ச சமயம் பரவின இன்ஃபுளுயன்சா மலைக்கும் வந்துச்சு. அதுவரை அவங்களை எதிர்த்த ஒரு பூசாரி சாகக் கிடந்தார். மத்தவங்க கிட்ட நெருங்கப் பயந்தப்போ இவங்க போய்ப் பார்த்தாங்க. தன் கைக்குழந்தையை நீங்களே வளருங்கன்னு அவர் ஒப்படைச்சார். அந்தக் குழந்தை என்ன தகுதி காட்டி அந்த வீட்டுக்குள்ள போச்சு? ஒண்ணுமில்ல. தூக்கிட்டுப் போனாங்க. பூனைக் குட்டி ஞாபகம் வருதா?

1929ல மலேரியா முத்தி ஜெசி இறந்துட்டார். எவ்லின் திரும்பி வந்தாங்க. வயசு எழுபதை நெருங்கினப்போ மிஷன் ஓய்வு கொடுத்துச்சு. கடன் கணக்கா இருந்திருந்தா அங்கேயே 'முழுதும் செலுத்தியாச்சு'ன்னு முடிச்சிருக்கலாம். அவங்க தனியாளா மறுபடி மலையேறினாங்க. குதிரை மேல பக்கத்து மலைகளுக்கும் போய் மருந்து கொடுத்தாங்க. 1974ல, 95 வயசுல, இறந்தாங்க. அவங்க பையன் பால் பிராண்ட் சின்ன வயசுல கொல்லிமலையில வளர்ந்தவர். 1946ல வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயால மடங்கிப் போன கைகளை அறுவை சிகிச்சையில மறுபடி விரிய வெச்சார்.

இது தியாகத்தைப் பாராட்டுற கதைன்னா நான் சொல்லியிருக்க மாட்டேன். எனக்குப் பட்டது வேற. பயத்துல செய்ற வேலைக்கு ஒரு அளவு இருக்கும். "இது போதுமா?"ன்னு கேட்டுக்கிட்டே இருப்போம், போதும்னதும் நிறுத்திடுவோம். பாக்கியே இல்லைன்னு நம்புறவங்களுக்கு நிறுத்துற இடம் தெரியறதில்ல. அந்த நர்ஸ் சொன்ன "இவ்வளவு செய்ய மாட்டேன்"ங்கிறதுல இருந்த 'இவ்வளவு' அதுதான்னு இப்போ புரியுது.

ஆயா கதையை முடிச்சுடுறேன். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த வாரம், காவடி போன பக்கத்து வீட்டு அக்கா ஒரு டப்பா பஞ்சாமிர்தத்தோட வந்தாங்க. ஆயா வாங்கல. "நான் நடக்கலையே சாமி."

"நடந்தவங்களுக்கு மட்டும்னு யாரு சொன்னா? ஊருக்கே பங்கு ஆயா. புடிங்க."

ஆயா ரொம்ப நேரம் அந்த டப்பாவையே பார்த்துச்சு. அப்புறம் விரல்ல தொட்டு வாயில வெச்சுது. கண்ணுல தண்ணி. கொஞ்ச நேரம் கழிச்சு என்னைப் பார்த்து, "வாக்கர் எப்படா வரும்? அடுத்த தைக்கு ஊர் எல்லை வரைக்குமாச்சும் நடக்கணும்"னுச்சு.

கடனுக்கான்னு கேட்டேன். "போடா"ன்னு சிரிச்சுது.

அடுத்த எபிசோட்ல பாப்போம் மக்களே.