நீரில் கொஞ்சம், கொழுப்பில் அதிகம்: உடலில் கரையும் நைட்ரஜன்

குளிர்ந்த நீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி நோயாளியின் அருகே வைத்தால், சிறிது நேரத்தில் உட்சுவரில் நுண்குமிழ்கள் ஒட்டி நிற்கும். நீர் கெட்டுவிட்டதென்று கொட்ட வேண்டியதில்லை. குளிர்ச்சியில் கரைந்திருந்த காற்று, நீர் வெதுவெதுப்பாகும்போது வெளியேறுகிறது. டிரிப்ஸ் குழாயில் தோன்றும் சிறு குமிழ்களுக்கும் பல வேளை இதுவே காரணம். ஆயினும் குழாயைத் தாங்களே தட்டாமல் செவிலியரை அழைக்குமாறு வேண்டுகிறோம்.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். இயல்பான வளிமண்டல அழுத்தத்தில் தூய நைட்ரஜன், 0 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 23 மில்லிலிட்டர் கரையும். உடல் வெப்பமான 37 பாகையில் 12 மில்லிலிட்டர்தான். அதே வெப்பத்தில் ஆலிவ் எண்ணெயிலோ இதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் கரைகிறது. நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதால் நைட்ரஜனுக்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை. எண்ணெயில் அந்த இறுக்கம் இல்லை.

நம் உடலும் நீரும் கொழுப்பும் சேர்ந்ததே. கடல்மட்டத்தில் வாழும் ஒருவர் உடலில் ஏறத்தாழ ஒரு லிட்டர் நைட்ரஜன் எப்போதும் கரைந்திருக்கிறது. அதில் பாதிக்குச் சற்று மேல் கொழுப்பில் தங்குகிறது. அதனால் எத்தீங்கும் இல்லை. அழுத்தம் மாறும்போதுதான் சிக்கல் எழுகிறது. அழுத்தம் இரட்டித்தால் கரையும் வாயுவும் இரட்டிக்கும் என்பது 1803-இல் வில்லியம் ஹென்றி கண்ட விதி. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. எனவே 30 மீட்டர் ஆழத்தில் நெடுநேரம் காற்றைச் சுவாசிப்பவர் உடலில் நைட்ரஜன் நான்கு லிட்டர் வரை சேரலாம். அவர் விரைந்து மேலே வந்தால், திறந்த சோடாப் புட்டியில் நிகழ்வதே அவருள்ளும் நிகழும்.

கடலே இல்லாத கம்பத்தில் இதை எழுதுவானேன் என்று கேட்கலாம். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை செல்லும் பக்தர்கள் பெருந்திரளாக இவ்வழியே குமுளிக்கு ஏறுகின்றனர். தூத்துக்குடி, இராமநாதபுரக் கரையோரங்களிலிருந்து வருவோருள் கம்ப்ரசர் காற்றைக் கொண்டு சங்கு குளிப்போரும் இருக்கக்கூடும். குமுளி ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் கூடக் காற்றழுத்தம் குறையும். கொழுப்பிலிருந்து இன்னும் முழுதும் வெளியேறாத நைட்ரஜன் குமிழியாக அதுவே போதும். அந்தமானில் ஆழ்கடல் மூழ்கிவிட்டு விமானம் ஏறும் நம் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். 600 மீட்டருக்கு மேல் செல்லுமுன், ஒருமுறை மட்டும் மூழ்கியவர் 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டுமென மூழ்குநர் மருத்துவ நெறிகள் கூறுகின்றன. கணக்கின்றி ஆழத்தில் உழைப்போர் முழுதாக ஒரு நாளேனும் பொறுப்பதே நலம் என்பது எங்கள் கருத்து.

மூழ்கிய பின் மூட்டுவலி, தோலரிப்பு, மரமரப்பு, கால் தளர்ச்சி, சிறுநீர் கழியாமை, மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் மூட்டுப்பிடிப்பென்று தைலம் தேய்த்துக் காத்திராதீர். நோயாளியைப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். எப்போது, எவ்வளவு ஆழம் மூழ்கினார் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே கூறுங்கள். முகமூடி வழியே தூய பிராணவாயு அளிப்பது முதற்சிகிச்சை. நுரையீரலில் நைட்ரஜனே இல்லாதபோது, இரத்தத்தில் உள்ளது விரைந்து வெளியேறும். அதன்பின் உயரழுத்தப் பிராணவாயு அறை தேவைப்படலாம். அது பெருநகர மருத்துவமனைகள் சிலவற்றில்தான் உண்டு. அவ்வாறு அனுப்ப நேர்ந்தால், மலையேறிக் கேரளம் செல்லாமல் தேனி வழியே மதுரை நோக்கி இறங்கும் சாலையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.