ஆன்லைன் சூதாட்டச் சட்டமும் கடைக்காரரும்

"சூதாட்டம் நடத்துகிறவனுக்குத்தானே சட்டம், மளிகைக் கடைக்கு என்ன?" என்று கேட்கும் வணிகப் பெருமக்கள் உண்டு.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற பாகுபாடு அதில் இல்லை. நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பணப் பரிமாற்றத்துக்கு உதவுவோருக்கும் இதே தண்டனைதான். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு, 50 லட்சம் வரை.

ஆகவே, இலவசமாகக் கிடைக்கிறதென்று அத்தகைய விளம்பரப் பலகையைக் கடை முகப்பில் மாட்டாதீர்கள். கமிஷனுக்கு ஆசைப்பட்டுக் கடையின் கியூஆர் அட்டையையோ நடப்புக் கணக்கையோ பிறர் பணம் வாங்க இரவல் கொடுக்காதீர்கள். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ, அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.