பட்டியல் இருக்கு... பெயரைக் காணோம்!

நந்தனம் சிக்னல் பக்கத்து டீக்கடை. ஆபீஸ் விட்டு வந்த நண்பன், டீயைக்கூடத் தொடாமல் செல்போனையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா ஆச்சு?"

"வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேனே... லிஸ்ட் நெட்டுல வந்திருக்கு. நானூறு பக்கம்! என் பேரைப் போட்டுத் தேடினா 'இல்லை'ங்குது."

'விடு, அடுத்த தடவை பார்த்துக்கலாம்' என்று தேற்றி அனுப்பினேன். பத்து நாள் கழித்து வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. 212-ம் பக்கத்தில் அவன் பெயர் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது! சான்றிதழ் சரிபார்க்கக் கூப்பிட்ட தேதிதான் முந்தாநாளே போய்விட்டது.

நம் கண்ணுக்குத் தெரிகிற பெயர் கம்ப்யூட்டருக்கு ஏன் தெரியவில்லை?

எல்லாம் மாறுவேஷம்தான்! அந்த லிஸ்ட்டை ஏதோ ஒரு பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். அவற்றில் பல, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைப்பவை. பார்க்கிற நமக்கு அது 'மு'. கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் அது ஆங்கில எழுத்து. இன்றைய போனில் யூனிகோடு 'மு'வை அடித்துத் தேடினால், 'அப்படி யாரும் இந்த வீட்டில் இல்லீங்க' என்று கதவைச் சாத்திவிடுகிறது. பாவம், அது பொய் சொல்லவில்லை!

இதற்கு மருந்தே இல்லையா? 1991-ல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. 1999-ல் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டைத் தொடர்ந்து, ஆளுக்கொரு எழுத்துமுறை என்ற குழப்பத்தைத் தீர்க்க தமிழக அரசு முயன்றது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், யூனிகோடை ஏற்று அரசாணையே வந்தது. ஆக, மருந்து ரெடி. குடிக்கத்தான் ஆள் வேணும்!

இன்னொரு ரகம் உண்டு. கம்ப்யூட்டரில் அடித்ததைப் பிரின்ட் எடுத்து, சீல் குத்தி, ஸ்கேன் செய்து ஏற்றுவது. அது பட்டியல் இல்லை சார், பட்டியலின் போட்டோ! போட்டோவில் இருக்கிற இட்லியைச் சாப்பிட முடியுமா?

வாக்காளர் பட்டியலைத் தேடக்கூடிய வடிவில் தரச் சொல்லி சுப்ரீம் கோர்ட் வரை வழக்குப் போனது. மொத்தமாக உருவித் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்பது எதிர்த்தரப்பின் கவலை. 2018-ல் வழக்கு தள்ளுபடியானது. சரி, ஊர் மக்களின் முகவரி விஷயத்தில் அந்தக் கவலை நியாயம்தான். பஸ் நேரத்திலும் ஏரி நீர்மட்டத்திலும் என்ன ரகசியம் இருக்கிறது?

2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம், யாரும் கேட்காமலே தகவலை வெளியிடச் சொல்கிறது. அதோடு விடவில்லை, மக்களுக்கு எளிதில் கிடைக்கிற வடிவில் வெளியிட வேண்டும் என்றும் சொல்கிறது. நானூறு பக்கத்தில் ஒளித்து வைப்பது எந்த ஊர் எளிமை?

அதுவரை ஒரு சின்ன யோசனை. பெயரைத் தேடாதீர்கள், பதிவு எண்ணைத் தேடுங்கள். பழைய எழுத்துருக்களிலும் எண்கள் பெரும்பாலும் மாறுவேஷம் போடுவதில்லை. ஸ்கேன் என்றால் அதுவும் பலிக்காது, பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டியதுதான்.

போன வாரம் நந்தனம் மெட்ரோவில் நண்பனைப் பார்த்தேன். வேறொரு லிஸ்ட்டை விரலால் தள்ளித் தள்ளி வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"எத்தனையாவது பக்கம்?"

"நூத்தி எண்பது. பேசாதே, விட்டுடப் போறேன்!"

அவன் இறங்க வேண்டிய ஸ்டேஷன் அப்போதே தாண்டியிருந்தது.