டைட்டில் இல்லாத கார் வாங்கியாச்சா? அமெரிக்காவின் 'பாண்டட் டைட்டில்'... வண்டியின் மதிப்பீடு ஏன் முக்கியம்?

பேசி முடித்து காசும் கொடுத்தாச்சு. சாவி கையில், கார் வாசலில். ஆனால் பதிவு செய்யப் போன இடத்தில், "டைட்டில் எங்கே?" என்று ஒரே கேள்வி. விற்றவரின் போன் சுவிட்ச் ஆஃப். அமெரிக்காவில் பழைய கார் வாங்கும் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் படிக்கவும் வேலைக்கும் போகும் தமிழர்களும், முதல் காரை தனிநபரிடம் மலிவாக வாங்கும்போது இதில் சிக்கலாம்.

இப்படி நிற்பவர்களுக்கு சட்டம் திறந்து வைத்திருக்கும் ஒரு வழிதான் 'பாண்டட் டைட்டில்'. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

டைட்டில் என்பது என்ன?

நம்மூர் ஆர்.சி. புக்கில் வண்டியின் பதிவும் உரிமையாளர் பெயரும் ஒன்றாக இருக்கும். அமெரிக்காவில் இரண்டும் தனித்தனி. பதிவு என்பது வண்டியை ரோட்டில் ஓட்ட அனுமதி. டைட்டில் என்பது வண்டி யாருடையது என்று சொல்லும் சான்றிதழ். விற்பவர் டைட்டிலின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் உரிமை கை மாறும். அது இல்லாமல் உங்கள் பெயரில் பதிவு செய்யவும் முடியாது, முறையாக விற்கவும் முடியாது.

முதலில் செய்ய வேண்டியது

பாண்டட் டைட்டில் என்பது கடைசி வழிகளில் ஒன்று. விற்றவர் கிடைத்தால் வேலை சுலபம். டைட்டில் தொலைந்துவிட்டது என்றால், டைட்டிலில் பெயர் உள்ள உரிமையாளரே அதன் சான்றிட்ட நகலை வாங்கலாம். டெக்சாஸில் தபாலில் விண்ணப்பித்தால் கட்டணம் 2 டாலர், நேரில் போனால் 5.45 டாலர். அவ்வளவுதான்.

உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, அல்லது நடுவில் இரண்டு மூன்று கை மாறி கையெழுத்துச் சங்கிலி அறுந்துவிட்டது என்றால்தான் பாண்டட் டைட்டில் பக்கம் போக வேண்டும்.

பாண்டட் டைட்டில் எப்படி வேலை செய்கிறது?

"வண்டி என்னுடையது என்று நம்புகிறேன், ஆனால் முழு ஆவணம் இல்லை" என்கிறார் விண்ணப்பதாரர். "சரி, நாளைக்கு உண்மையான உரிமையாளர் வந்தால் அவருடைய நஷ்டத்துக்கு யார் பொறுப்பு?" என்று கேட்கிறது அரசு. அதற்கான பதில்தான் பாண்ட், அதாவது ஒரு ஜாமீன் பத்திரம். ஷூரிட்டி பாண்ட் வழங்கும் நிறுவனம் அந்தப் பொறுப்பை ஏற்று எழுதிக் கொடுக்கும்.

டெக்சாஸில் இந்தப் பாண்டின் தொகை, வண்டியின் மதிப்பைப் போல ஒன்றரை மடங்கு. மதிப்பு 8,000 டாலர் என்றால் பாண்ட் 12,000 டாலர். காலம் 3 ஆண்டுகள். வண்டிக்கு என்ன மதிப்பு போடுகிறார்கள் என்பது இங்கேதான் முக்கியமாகிறது.

மதிப்பை யார் முடிவு செய்கிறார்கள்?

"நான் 1,500 டாலருக்குத்தான் வாங்கினேன்" என்று சொன்னால் எடுபடாது. அரசு மூன்று படிகளில் பார்க்கும்.

முதல் படி: டெக்சாஸ் மோட்டார் வாகனத் துறையின் இணையதளத்தில் இருக்கும் 'ஸ்டாண்டர்டு பிரிசம்ப்டிவ் வேல்யூ'. வண்டியின் வின் நம்பரையும் ஓடிய மைல் கணக்கையும் போட்டால் தொகை வந்துவிடும்.

இரண்டாம் படி: அதில் விலை இல்லை என்றால், நாடு முழுக்க பயன்படும் வாகன விலைக் கையேடு.

மூன்றாம் படி: இரண்டிலும் மதிப்பு கிடைக்காவிட்டால்தான் தனி மதிப்பீடு. மிகப் பழைய வண்டிகள் பெரும்பாலும் இந்தப் படிக்குத்தான் வரும்.

தனி மதிப்பீட்டை தெரிந்த மெக்கானிக்கிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிப் போனால் செல்லாது. டெக்சாஸ் லைசென்ஸ் உள்ள வாகன டீலர் அல்லது லைசென்ஸ் உள்ள இன்சூரன்ஸ் அட்ஜஸ்டர், துறையின் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். டீலர் எந்த வகை வண்டி விற்க உரிமம் வைத்திருக்கிறாரோ, அந்த வகையை மட்டுமே மதிப்பிடலாம். கார் டீலரிடம் பைக்கைக் கொண்டு போனால் வேலை நடக்காது. அட்ஜஸ்டர் எந்த வாகனத்தையும் மதிப்பிடலாம். மதிப்பீடு செய்த 30 நாளுக்குள் துறையிடம் கொடுத்துவிட வேண்டும்.

25 ஆண்டு பழைய வண்டியா?

இங்கே ஒரு தனி விதி உண்டு. 25 ஆண்டு அல்லது அதற்கு மேல் பழைய வண்டியை மதிப்பீட்டாளர் 1,500 டாலர் என்று எழுதினாலும், கணக்கில் 4,000 டாலராகத்தான் எடுப்பார்கள். அப்போது பாண்ட் 6,000 டாலர்.

"அப்போ 6,000 டாலர் கட்டணுமா?"

இல்லை. பலர் பயந்து பின்வாங்குவது இந்த இடத்தில்தான். கட்ட வேண்டியது பாண்டுக்கான பிரீமியம் மட்டும். அது பாண்ட் தொகையில் ஒரு சிறு பகுதிதான். அந்தப் பணம் திரும்பி வராது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்தப் பாண்ட் வாங்கியவரைக் காப்பாற்றும் இன்சூரன்ஸ் கிடையாது. இது பழைய உரிமையாளர், கடன் கொடுத்த வங்கி, பின்னால் அந்த வண்டியை வாங்கப் போகிறவர் ஆகியோருக்கான பாதுகாப்பு. 3 ஆண்டுக்குள் ஒருவர் வந்து தன் உரிமையை நிரூபித்து, நிறுவனம் பணம் கொடுக்க நேர்ந்தால், அந்தப் பணத்தை நிறுவனம் பாண்ட் வாங்கியவரிடமே திருப்பிக் கேட்கும். கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் அது எழுதியிருக்கும்.

மதிப்பை குறைத்துக் காட்டி லாபம் பார்க்கலாம் என்று நினைப்பதும் வீண். பிரீமியத்தில் மிச்சமாவது கொஞ்சம்தான். டைட்டில் விண்ணப்பத்தில் பொய்த் தகவல் கொடுப்பது டெக்சாஸில் சிறைக்குப் போகக்கூடிய குற்றம்.

என்னென்ன படிகள்?

* உண்மை விவர அறிக்கைப் படிவம், வாங்கியதற்கான ஆதாரம், அடையாள அட்டை, 15 டாலர் கட்டணத்துடன் மோட்டார் வாகனத் துறையின் மண்டல மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.
* தகுதி இருந்தால், பாண்ட் தொகையைக் குறிப்பிட்டு துறை ஒரு கடிதம் தரும்.
* அந்தக் கடிதத்தின் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் பாண்ட் வாங்க வேண்டும்.
* பாண்ட் வாங்கிய 30 நாளுக்குள், டைட்டில் விண்ணப்பத்தோடு கவுண்டி வரி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

கிடைக்கும் டைட்டிலில் 'பாண்டட்' என்ற குறிப்பு இருக்கும். அதை வைத்து வண்டியைப் பதிவு செய்யலாம், விற்கவும் செய்யலாம். 3 ஆண்டு யாரும் உரிமை கோராவிட்டால் பாண்ட் காலாவதியாகும், அதன்பின் குறிப்பும் நீங்கும்.

யாருக்கு கிடைக்காது?

திருட்டு வண்டி, வழக்கில் இருக்கும் வண்டி, யாரோ விட்டுப்போன வண்டி ஆகியவற்றுக்குக் கிடைக்காது. என்ஜின், ஃபிரேம், பாடி என வண்டி முழுசாக, விண்ணப்பிப்பவர் கையில் இருக்க வேண்டும். 10 ஆண்டுக்குள் பதிவான வங்கிக் கடன் பாக்கி இருந்தால், முதலில் வங்கியிடம் கடன் தீர்ந்த கடிதம் வாங்கியாக வேண்டும்.

படகு என்றால்?

டெக்சாஸில் படகுக்கு மோட்டார் வாகனத் துறையிடம் போய் பயனில்லை. படகு, அதில் மாட்டும் அவுட்போர்டு மோட்டார் இரண்டுக்குமே டைட்டில் தருவது மாநிலத்தின் பூங்கா மற்றும் வனவிலங்குத் துறை. படகுக்கும் மோட்டாருக்கும் தனித்தனி டைட்டில் என்பதால், வாங்கும்போது இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் 5 நிமிடம்

டாஷ்போர்டில் இருக்கும் வின் நம்பரும் டைட்டிலில் இருக்கும் நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். 'என்.ஐ.சி.பி.' அமைப்பின் இணையதளத்தில் வின் நம்பரைப் போட்டால், திருடு போனதாக காப்பீட்டு நிறுவனங்கள் புகார் கொடுத்த வண்டியா என்று இலவசமாகவே தெரிந்துகொள்ளலாம். விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயர்தான் டைட்டிலிலும் இருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள்.

"டைட்டில் அடுத்த வாரம் அனுப்புறேன்" என்று யாராவது சொன்னால், பணத்தையும் அடுத்த வாரமே கொடுப்பது நல்லது.